ஆற்றில் போட்டாலும் அளந்து போடு

(தொழில் தொடங்க நினைப்பவர்களுக்கான கூட்டத்தில் பேசியது. கேட்ட நண்பர்களுக்காக எழுதித் தருகிறேன், பேச்சுவாக்கில் வந்ததை அதிகம் திருத்தவில்லை.)

தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தொழில்முனைவோர் சங்கச் செயலாளர் அவர்களே, நாற்பது மாணவர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, விடுமுறை நாளிலும் நமக்காக இந்தக் கூடத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் ஐயா அவர்களே, எதிரே உட்கார்ந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் தொடங்கினால் எனக்கு மனசு கேட்காது. முப்பது வருடமாகத் தொழில் செய்கிறவர், தன் பட்டறையில் வேலை பழகிய பையன்கள் தனியாகத் தொழில் தொடங்கும்போது முதல் ஆர்டரைத் தானே கொடுப்பவர். போட்டிக்கு ஆள் வளர்க்கிறீர்களே என்று கேட்டால், அவன் நன்றாகச் செய்தால் எனக்கு நல்ல சரக்கு கிடைக்கும் என்பார். முதல்வர் அம்மாவுக்கும் நன்றி. தேர்வு நேரத்தில் பிள்ளைகளை அனுப்புவது லேசான காரியம் இல்லை. வங்கி மேலாளர் ஐயா சற்றுத் தாமதமாக வருவார் என்றார்கள், அவர் வரும்போது கடனைப் பற்றிப் பேசிக்கொள்ளலாம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, தொழில் வாய்ப்பைக் கண்டுபிடிப்பதும் எடைபோடுவதும். நாலு விஷயம் சொல்லப்போகிறேன். வாய்ப்பு எங்கே இருக்கிறது, அதை எப்படி அளப்பது, எவ்வளவு வரைக்கும் இழக்கலாம், எப்போது விட்டுவிடுவது. நாலுக்கும் சேர்த்து என் பாட்டி சொன்ன ஒரே பழமொழிதான் என்னிடம் இருக்கிறது: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. வீணாய்ப் போகப்போகிற பொருளாக இருந்தாலும் எவ்வளவு போட்டோம் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்கள் இதை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று சிரிப்பார்கள். இன்றைக்கும் சொல்வேன்.

முதலில், வாய்ப்பு எங்கே இருக்கிறது? பலர் அதை யோசனை என்று நினைக்கிறார்கள். ராத்திரி தூக்கத்தில் ஒரு யோசனை வந்தது, யாருமே செய்யவில்லை, நான்தான் முதல் ஆள் என்று வருகிறார்கள். யாருமே செய்யவில்லை என்றால் எனக்கு முதலில் சந்தேகம்தான் வரும். நான் தேடச் சொல்வது வேறு. ஜனங்கள் ஏதோ ஒரு கஷ்டத்துக்குத் தாங்களாகவே கோணல்மாணலாக ஒரு வழி செய்துகொண்டிருப்பார்கள். அதைப் பாருங்கள். கென்யாவில் 2007இல் எம்-பெசா என்று கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பும் சேவை வந்தது. அது வருவதற்கு முன்பே அங்கே ஜனங்கள் ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கைப்பேசி ரீசார்ஜை அனுப்பி, அதை அவர்கள் அங்கே விற்றுக் காசாக்கிக்கொண்டிருந்தார்கள். பேசுவதற்கு வாங்கிய நிமிடங்கள் பணமாகக் கைமாறின. இதைவிட உரக்க ஒரு சந்தை எப்படிக் கூப்பிடும்? கண்ணைத் திறந்து வைத்திருப்பதே தொழில்முனைவோரின் முதல் வேலை என்று கிர்ஸ்னர் என்ற பொருளாதார அறிஞர் வாழ்நாள் முழுக்க வாதாடினார். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில்தான் அது கிடக்கிறது, கவனித்தவனுக்குக் கிடைக்கிறது என்பது அவர் கட்சி. எனக்கும் அதுதான் கட்சி.

இதற்கு ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம். பரவாயில்லை, நேரம் இருக்கிறது என்று செயலாளர் தலையாட்டுகிறார்.

1937ஆம் வருடம். அமெரிக்காவில் மால்கம் மெக்லீன் என்று ஒரு லாரிக்காரர். இருபத்துச் சொச்சம் வயது. பஞ்சு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு தெற்கே இருந்து நியூ ஜெர்சித் துறைமுகத்துக்கு வந்து நிற்கிறார். முன்னால் வரிசையாக லாரிகள். ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஆட்கள் மூட்டையை ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள், வலையில் போட்டுத் தூக்குகிறார்கள், கப்பலுக்குள் இன்னொரு கூட்டம் அதைப் பிரித்து அடுக்குகிறது. நாள் முழுக்க இதைப் பார்த்துக்கொண்டு அவர் லாரியில் உட்கார்ந்திருக்கிறார். பின்னாளில் அவரே சொன்னது இது: இந்த மூட்டைகளைத் தொடாமல் வண்டியையே தூக்கிக் கப்பலில் வைத்துவிட்டால் என்ன? அன்றைக்கு அந்த வரிசையில் நின்ற லாரிக்காரர்கள் எல்லோருக்கும் அதே எரிச்சல்தான் இருந்திருக்கும், அதே கப்பலைத்தான் எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அவர் அடுத்த நாளே ஓடிப்போய்க் கப்பல் வாங்கவில்லை, அதைக் கவனியுங்கள். பதினெட்டு வருடம் லாரித் தொழிலை வளர்த்தார். 1955இல்தான் ஒரு கப்பல் நிறுவனத்தை வாங்கினார். லாரி நிறுவனம் வைத்திருப்பவர் கப்பலும் வைத்துக்கொள்ள அந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதனால் தன் கையால் வளர்த்த லாரித் தொழிலையே விட்டுவிட்டு வந்தார். முதலில் நினைத்தது லாரியின் பின்பாகத்தைச் சக்கரத்தோடு ஏற்றுவதாக. கணக்குப் போட்டுப் பார்த்தால் சக்கரம் கப்பலில் இடத்தைத் தின்கிறது, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் முடியாது. சரி, சக்கரத்தைக் கழற்று, பெட்டியை மட்டும் வை என்றார். 1956 ஏப்ரல் 26ஆம் தேதி, ஐடியல் எக்ஸ் என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகள் நியூவர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்குப் போயின. மூட்டை மூட்டையாகக் கப்பலில் ஏற்ற டன்னுக்கு 6 டாலருக்குச் சற்றுக் குறைவாக ஆகிக்கொண்டிருந்த செலவு, அன்றைக்கு 16 சென்ட் அளவுக்கு இறங்கியது. ஏறக்குறைய முப்பத்தாறில் ஒரு பங்கு! கண்டெய்னர் என்று இன்று நெடுஞ்சாலை முழுக்க ஓடுகிறதே, அதன் கதை இதுதான்.

கைதட்டுகிறீர்கள். இன்னும் முடியவில்லை. எல்லோரும் இந்த இடத்தில்தான் நிறுத்துவார்கள், அதுதான் எனக்கு ஆற்றாமை.

அந்த நிறுவனத்தை 1969இல் நல்ல விலைக்கு விற்றார். 1978இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் லைன்ஸ் என்ற இன்னொரு பெரிய கப்பல் நிறுவனத்தை வாங்கினார். எழுபதுகளில் எண்ணெய் விலை எப்படி ஏறியது என்று பெரியவர்களுக்குத் தெரியும். இன்னும் ஏறும், அப்போது எண்ணெயை மிச்சம் பிடிக்கிற கப்பல்தான் ஜெயிக்கும் என்று கணக்குப் போட்டு, கொரியாவில் 12 பிரம்மாண்டமான கப்பல்களுக்கு ஆர்டர் கொடுத்தார். மெதுவாகப் போகும், எண்ணெய் குறைவாகக் குடிக்கும். கப்பல்கள் தயாராகி வந்த சமயத்தில் எண்ணெய் விலை சரிந்தது. மெதுவான கப்பல் வெறும் மெதுவான கப்பலாகிவிட்டது. 1986 நவம்பரில் நிறுவனம் திவால், கடன் 100 கோடி டாலருக்கு மேல்.

அதே மனிதர், அதே மூளை, துறைமுகத்தை அவரைவிடத் தெரிந்தவர் யாரும் இல்லை. முதல் தடவை அவர் அளந்தது கண்ணெதிரே இருந்த ஒரு செலவை. இரண்டாம் தடவை அவர் நம்பியது இன்னும் வராத ஒரு விலையை. என் பாட்டி சொன்னது இரண்டாவதற்குத்தான் அதிகம் பொருந்தும், ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. 2001இல் அவர் இறந்து அடக்கம் செய்த அன்று உலகத்தின் பல மூலைகளில் கப்பல்கள் சங்கு ஊதி மரியாதை செய்தன. அந்த மரியாதை அவருக்கு முழுக்கத் தகும். ஆனால் அவர் வென்ற கணக்கைச் சொல்கிற நாம், தோற்ற கணக்கையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? இதற்குத் திரும்ப வருகிறேன்.

சரி, அளப்பது எப்படி? பெரிய அறிக்கை எல்லாம் வேண்டாம், நோட்டில் ஒரு பக்கம் போதும். ஒரு பொருளை 100க்கு விற்கப்போகிறீர்கள் என்று வையுங்கள். சரக்கு 60. அனுப்பும் கூலி 12. பெட்டி, காகிதம் 5. சேதமாகித் திரும்பி வருவது, தள்ளுபடி கேட்பது எல்லாம் சேர்த்து 8. கையில் நிற்பது 15. வாடகை, சம்பளம், மின்சாரம் என்று விற்றாலும் விற்காவிட்டாலும் மாதம் 30,000 போகிறது என்றால், முதலுக்கு மோசம் இல்லாமல் நிற்கவே மாதம் 2,000 விற்க வேண்டும். 25 நாள் திறந்திருந்தால் நாளுக்கு 80. எட்டு மணி நேரத்தில் 80 என்றால் ஆறு நிமிடத்துக்கு ஒருவர் வந்து வாங்க வேண்டும். இப்போது நீங்கள் கடை போட நினைக்கிற இடத்தில் ஒரு நாள் முழுக்கக் கடிகாரத்தோடு போய் நில்லுங்கள். ஆறு நிமிடத்துக்கு ஒருவர் வருகிறாரா? வாங்க வேண்டாம், அந்தப் பக்கம் திரும்பியாவது பார்க்கிறாரா? ஒரு பெண் இப்படி நின்று பார்த்துவிட்டு வந்து, ஐயா நான் தொடங்கவில்லை என்றாள். அன்றைக்கு அவள் சம்பாதித்தது எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்தது, நன்றாக இருக்கிறது என்று சொல்கிறவர்களை எண்ணாதீர்கள், காசை எடுக்கிறவர்களை எண்ணுங்கள். 1999இல் நிக் ஸ்வின்மர்ன் என்பவருக்கு இணையத்தில் செருப்பு, ஷூ விற்கலாம் என்று தோன்றியது. போட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவர் கிடங்கு கட்டவில்லை. ஷூ கடைக்குப் போய்ப் படம் எடுத்து இணையத்தில் போட்டார். ஆர்டர் வந்தால் அதே கடையில் வாங்கி அனுப்பினார். அதில் லாபம் கிடையாது, ஆனால் வாங்குவார்களா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஜாப்போஸ் என்று அது வளர்ந்து 2009இல் அமேசான் வாங்கியது. அதே காலத்தில் வெப்வேன் என்ற நிறுவனம் இணையத்தில் மளிகை விற்கக் கிளம்பியது. ஜனங்கள் எவ்வளவு வாங்குவார்கள் என்று தெரியும் முன்பே கிடங்குகள் கட்ட 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. 2001 ஜூலையில் மூடிவிட்டார்கள். இணையத்தில் மளிகை வாங்குவது பிற்பாடு உலகம் முழுக்க வந்துவிட்டது, ஆகவே யோசனை தப்பில்லை. போட்டதுதான் அளவில்லாமல் போட்டது.

இங்கே என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நானும் ஒரு தொழில் தொடங்கி பதினான்கு மாதத்தில் மூடியவன். அச்சிட்ட அட்டைப்பெட்டி செய்து கொடுத்தேன். ஆர்டர் இருந்தது, லாபமும் காகிதத்தில் இருந்தது. காகிதம் கொடுத்தவருக்கு நான் 15 நாளில் பணம் கட்ட வேண்டும், என்னிடம் பெட்டி வாங்கிய பெரிய நிறுவனம் 70 நாள் கழித்துக் கொடுக்கும். நடுவில் இருக்கிற 55 நாளைக்கு நான் வட்டிக்கு வாங்கினேன். ஆர்டர் பெருகப் பெருக வட்டியும் பெருகியது, விற்க விற்க மூழ்கினேன். மூடிய பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் நாலு பக்கத்தில் எழுதினேன். என்ன நினைத்தேன், என்ன நடந்தது, எந்தத் தேதியில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும், எந்தத் தேதியில் ஒப்புக்கொண்டேன். கடைசி இரண்டு தேதிக்கும் நடுவே ஐந்து மாதம் இருந்தது. எழுதும்போது கை நடுங்கியது, உண்மையைச் சொல்கிறேன்.

அந்த நாலு பக்கத்தை இரண்டு வருடம் கழித்து, அதே தொழிலுக்கு வர நினைத்த ஒரு தம்பியிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு, பாதிப் பணம் முன்கூட்டியே கொடுக்கிற சின்ன வாடிக்கையாளர்களை மட்டும் பிடித்தான். இன்றைக்கும் நடத்துகிறான். ஒரு நாலு பக்கம் அவனுக்கு ஐந்து வருட அனுபவத்தைக் கொடுத்தது.

அதனால்தான் மூன்று வருடமாகப் போகிற மேடையில் எல்லாம் இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூடிய தொழில்களின் கணக்குக்கு நூலகத்தில் ஓர் அலமாரி வேண்டும். வென்றவர்கள் வாழ்க்கை வரலாறு இந்தக் கட்டடத்திலேயே எத்தனை இருக்கிறது, நூலகர் ஐயாவைக் கேளுங்கள். மூடியவர்களின் கணக்கு ஒன்றாவது இருக்கிறதா? மூடியவர் ஊரை விட்டுப் போகிறார், அல்லது வாயை மூடிக்கொள்கிறார். அடுத்த வருடம் அதே இடத்தில், அதே தொழிலில், அதே தப்போடு இன்னொருவர் பணத்தைப் போடுகிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றால், முன்னால் போட்டவர் அளந்து வைத்த கோல் நமக்கு வேண்டாமா? பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், நாலு பக்கம் போதும். வங்கிகள் கடன் கேட்டு வருகிறவரிடம், இந்த அலமாரியில் மூன்று கணக்கையாவது படித்துவிட்டு வா என்று சொல்லட்டும். மேலாளர் ஐயா வந்துவிட்டார் போலிருக்கிறது, அவரிடம் நேராகவே கேட்கிறேன், சொல்வீர்களா? சங்கச் செயலாளரும், உறுப்பினர்களில் தொழிலை மூடியவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடும் வழக்கத்தை மாற்ற வேண்டும். அவர்களுக்குத்தான் முன்வரிசை கொடுக்க வேண்டும்.

எவ்வளவு இழக்கலாம், எப்போது விடுவது என்று இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது. செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன், இழக்கக்கூடிய தொகையையும் விடவேண்டிய தேதியையும் தொடங்கும் முன்பே எழுதி, வீட்டில் ஒருவர் கையெழுத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். தொடங்கிய பிறகு எழுத மனசு வராது. மீதியை இன்னொரு கூட்டத்தில் பேசுவோம்.

நூலகர் ஐயா மேலே யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் வாசலுக்கு இடப்பக்கம் ஒரு சின்ன ரேக்கை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறார், அவருக்கு நீங்கள் எல்லோரும் ஒரு கை தட்ட வேண்டும். அதில் பன்னிரண்டு ஃபைல் வைத்திருக்கிறோம். முதல் ஃபைலில் என் அட்டைப்பெட்டிக் கணக்கு இருக்கிறது, எடுத்துப் படிக்கலாம், நகல் எடுத்துக்கொள்ளலாம். மற்ற பதினொன்றும் காலி. பக்கத்து மேசையில் வெள்ளைத்தாளும் பேனாவும் இருக்கின்றன. இங்கே எழுத முடியாதவர்கள் தாளை வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதி, பெயர் போடாமல் கொண்டுவந்து வையுங்கள். நூலகம் மாலை ஏழு மணி வரை திறந்திருக்கும். வணக்கம்.