8 ரவுண்டு முடிச்சாச்சு மக்களே! காப்பாத்துனது அம்மாவோட நெத்திலி கருவாடு

வணக்கம் மக்களே! இன்னும் குளிக்கக்கூட இல்ல, கால ஐஸ் தண்ணி பக்கெட்டுல வுட்டுக்கினுதான் பேசிக்கினு இருக்கேன், ஆறுறதுக்குள்ள சொல்லிடணும். எட்டு ரவுண்டு! 53.6 கிலோமீட்டர்! போன தபா 6வது ரவுண்டோட குந்திட்டு அழுதத பாத்தீங்கல்ல, மாரத்தானுக்கே 2 கிலோமீட்டர் குறைச்சலா நின்னுச்சே, அதே ரோடு, அதே ஷூ.

புதுசா வந்தவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன், பேக்யார்டு அல்ட்ரானு ஒரு ஓட்டப் போட்டி இருக்கு, அமெரிக்காவுல டென்னஸில லாசரஸ் லேக்னு ஒருத்தர் கண்டுபுடிச்சது. மணிக்கு ஒரு ரவுண்டு, 6.706 கிலோமீட்டர், 24 மணி நேரம் ஓடுனா சரியா 100 மைல் வரணும்னுதான் அந்த கணக்கு. சீக்கிரம் வந்தா மிச்ச நேரம் ரெஸ்ட், ஆனா அடுத்த மணி அடிக்கும்போது கோட்டுல நிக்கணும், இல்லனா அவுட். 2023ல ஹார்வி லூயிஸ் 108 ரவுண்டு ஓடுனாரு, நாலரை நாள்! அவரு ஸ்கூல் வாத்தியார். கோர்ட்னி டவால்டர் 2020ல 68 ரவுண்டு, அவங்க போட்டோதான் என் பீரோவுல ஒட்டியிருக்கு, பாத்திருப்பீங்க. என் டார்கெட்டு மார்கழிக்குள்ள 12 ரவுண்டு, 50 மைல்.

இன்னிக்கு ஞாயித்துக்கிழமையா, அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கே சென்னை காசிமேடு மீன் ஏலத்துக்கு கெளம்பிடும், நானும் கூடவே கெளம்பிட்டேன். அந்த நேரத்துல எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரி வரிசையா நிக்கும், ஆனா மார்க்கெட்டு ஜே ஜேன்னு இருக்கும், எல்லாம் தெரிஞ்ச முகம், பயமே இல்ல. அம்மா கடையிலருந்து திருவொத்தியூர் பக்கமா 3.35 கிலோமீட்டர் போய் திரும்பி வரணும். 4 நிமிஷம் ஓட்டம், 1 நிமிஷம் நடை, மொத ரவுண்டுலருந்தே அப்டித்தான், தெம்பா இருக்கும்போதே நடந்துடணும், முடியாம போனப்புறம் நடக்குறதுல பிரயோஜனமே இல்ல. ரவுண்டுக்கு 50, 51 நிமிஷம் ஆச்சு.

இப்ப மேட்டருக்கு வரேன். போன தபா இன்னா ஆச்சுனா, வேர்க்குது வேர்க்குதுனு வெறும் தண்ணியா ஊத்திக்கினே இருந்தேன். கை வீங்கி மோதிரம் கயட்ட முடியல, வாந்தி வர மாதிரி, தல சுத்தல். வூட்டுக்கு வந்து வெயிட் பாத்தா ஓடுறதுக்கு முன்னாடி இருந்தத வுட ஜாஸ்தி! 40 கிலோமீட்டர் ஓடுனப்புறம் வெயிட் ஏறியிருந்தா அது தண்ணி ஓவரா போச்சுனு அர்த்தம், ரத்தத்துல சோடியம் நீத்துப்போயிடும், ரொம்ப மோசமா போனா வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. தயவுசெஞ்சு இத லேசா எடுத்துக்காதீங்க.

சரி உப்பு சேத்துக்கலாம்னு ஒரு கடைக்கு போனேன் பாருங்க, உப்பு கேப்சூலு, 30 கேப்சூல் 900 ரூபா! உப்பு மக்களே, உப்பு! ஒண்ணு 30 ரூபா, மணிக்கு ஒண்ணுனா 12 ரவுண்டுக்கு 360 ரூபா, அந்த காசுக்கு வூட்டுக்கு ஒரு வருசத்துக்கு உப்பு வாங்கலாம். எனக்கு ஆத்திரமா வந்துச்சு, பிராக்டீஸுக்கு வர எத்தினி புள்ளைங்க இத பாத்துட்டு அல்ட்ராலாம் நமக்கில்லனு நினைச்சிருக்கும்? அம்மா கிட்ட பொலம்புனேன். "இன்னாடி இது, உப்புக்காடி அலையிற"னு சொல்லிட்டு இன்னிக்கு தூக்குல பழைய சோறு கரைச்சு, மோரு ஊத்தி, பக்கத்து கடை அக்கா கிட்ட 40 ரூபாய்க்கு நெத்திலி கருவாடு வாங்கி சுட்டு வச்சிருந்துச்சு. அதுலயும் அக்கா கொசுறா ஒரு புடி போட்டாங்க.

ஒவ்வொரு ரவுண்டும் வந்து மீன் டப்பா மேல குந்தி ரெண்டு டம்ளர் கஞ்சி, நாலு நெத்திலி. வயிறு ஒண்ணுமே பண்ணல! இன்னொண்ணு, உப்பு இருக்குதுனு தண்ணிய இஷ்டத்துக்கு குடிச்சா அதே கததான், இன்னிக்கு தாகம் எடுத்தா மட்டும் குடிச்சேன். மோதிரம் சும்மா சுத்துது பாருங்க, இதோ.

ஐயோ ஒண்ணு மறந்துட்டேன், 4வது ரவுண்டு. மார்க்கெட்டு வாசல்ல ஐஸ் தண்ணி ஓடிக்கினு இருக்கும்ல, அதுல மிதிச்சு சாக்ஸ் முழுக்க ஈரம், அப்டியே ஓடியிருந்தா கொப்புளம் கன்ஃபார்ம். பையில வேற ஜோடி வச்சிருந்தேன், கால தொடச்சு, வேசலின் தடவி, மாத்துனேன். மூணு நிமிஷம் போச்சு, ஆனா ஒரு கொப்புளம் இல்ல. நெஜ போட்டியில மூணு நிமிஷம் இருக்கும்போது மூணு விசில், ரெண்டுக்கு ரெண்டு, ஒண்ணுக்கு ஒண்ணு ஊதுவாங்க. நமக்கு கருவாட்டு அக்காதான் விசிலு. "மூணு நிமிசம் கீது, எந்திரி!"னு அவங்க கத்துன கத்துல வஞ்சிரம் பேரம் பேசிக்கினு இருந்தவரு திரும்பி பாத்தாரு.

7வது ரவுண்டுலதான் மாரத்தான் தூரம், 42.195 கிலோமீட்டர் தாண்டுச்சு. வாட்ச்சுல அந்த நம்பர் மாறும்போது சூரியன் கடலுக்கு மேல நல்லா ஏறிடுச்சு, வெயில் மூஞ்சில அடிக்குது, நான் தனியா ரோட்டுல கைய தூக்கி கத்துனேன், லாரி டிரைவர் ஒருத்தர் ஆரன் அடிச்சாரு. இதுக்கு மேல நான் ஓடுன ஒவ்வொரு அடியும் என் வாழ்க்கையில நான் ஓடாத தூரம். 8வது முடிக்கும்போது மணி காலைல 9.54.

அம்மா ஒண்ணுமே சொல்லல, மீன் கைய தொடச்சுட்டு மோதிரத்த புடிச்சு சுத்திப் பாத்துச்சு.

இந்த வாரம் ஓட்டம் கம்மி, நடை மட்டும், கமெண்ட்ல கேக்குற ஷூ மேட்டர் புதன்கிழம போடறேன். அடுத்தது 10 ரவுண்டு, மூணு வாரம் கழிச்சு. அம்மா கூப்புடுது, மீன் கொழம்பு ரெடியாம், வரேன் மக்களே.