சபையில லிஸ்ட்டு யார் கையில?

(இலங்கை மலையகத்துல, ஹட்டன்ல ஊழியக்காரர் கூடுகையில பேசினது, பேசின மாதிரியே டைப் பண்ணியிருக்கு)

போதகர்மாரே, பாஸ்டரம்மாமாரே, அண்ணன்மாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எழுப்புதல் பத்தி பேசுவேன்னு வந்திருப்பீங்க, நான் நிவாரணம் குடுக்குற லிஸ்ட்டு பத்தித்தான் பேசப்போறேன், சிரிக்காதீங்க.

2025 நவம்பர் கடைசில டித்வா புயல்ல மண்சரிஞ்சு நுவரெலியா, பதுளை, கண்டி பக்கமெல்லாம் சனம் லயத்த, அதான் தோட்டத்து வரிச வீடுகள, விட்டுட்டு ஸ்கூல்லயும் கோயில்லயும் சர்ச்லயும் கெடந்துச்சே, அந்த மாதிரி நேரத்துல அரிசி, பால்மா, பெட்சீட்டுன்னு லொறில வந்து எறங்குனா மொத சண்ட எதுக்கு வரும்? பேர் இருக்கா இல்லையாங்கிறதுக்குத்தான். "மேல் லயத்துக்குத்தான் குடுப்பாரு, அவங்க பாஸ்டருக்கு வேண்டியவங்க"ன்னு ஒரு பேச்சு கெளம்பிரும். பேர் விட்டுப்போறதுன்னா என்னன்னு நம்ம சனத்துக்கு யாரும் சொல்லித்தர வேணாம், தோட்டத்துச் சனத்த நாடில்லாதவங்களா ஆக்குன 1948 பிரஜாவுரிமைச் சட்டத்துல பாட்டன் பூட்டன் காலத்துலயே பட்டது அது.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம் அப்படியே இதுதாங்க. கிரேக்க பாஷ பேசுற விதவைகளுக்கு அன்றாடப் பங்கு சரியா போகலன்னு முறுமுறுப்பு வருது. அப்போஸ்தலர் யாரும் "நாங்க அப்படிப்பட்டவங்களா?"ன்னு கோவப்படல, ஏழு பேர நீங்களே தெரிஞ்சு குடுங்கன்னு சபைகிட்டயே விட்டுட்டாங்க. ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா, வாசிச்சுப் பாருங்க, ஏழும் கிரேக்கப் பேரு! கொற சொன்ன பக்கத்து ஆளுங்க கையிலயே பந்திய குடுத்த மாதிரிதான் எனக்குப் படுது. நம்மள்ல எத்தன பேரு கீழ் லயத்துல கொற சொல்ற அக்காவ கூப்ட்டு "இந்தாங்க, லிஸ்ட்ட நீங்க எழுதுங்க"ன்னு சொல்லுவோம்? அடுத்த ஞாயித்துக்கெழம அவங்களுக்கே ஒரு பிரசங்கம் வச்சிருவோம், உண்மையா இல்லையா?

காசு விசயமும் இப்படித்தான். 2 கொரிந்தியர் 8ல எருசலேமுக்குப் போற காணிக்கைக்கு பவுல் தீத்துவோட இன்னும் ரெண்டு சகோதரர அனுப்புறாரு, யாரும் குத்தம் சொல்லிறக் கூடாதுன்னு. பவுலுக்கே அது வேணும்னா நமக்கு? ஆராதன முடிஞ்ச ஒடனே அங்கயே ரெண்டு மூணு பேரு எண்ணணும், புருசன் பொண்டாட்டியா இருக்கக் கூடாது, எழுதி சைன் வைக்கணும், பேங்க் புக்குக்கு ரெண்டு கையெழுத்து. "ஆளு கெடைக்கல பாஸ்டர்"ன்னு சொல்லுவீங்க. செக்ரோல்ல, அதான் தோட்டத்து வேலப் பதிவுல, தன் பேரு விழுந்திருக்கா, தேயிலக் கொழுந்து எத்தன கிலோ போட்டிருக்குன்னு தெனமும் சரிபாக்குற பொம்பளைங்க உங்க சபை நெறைய இருக்காங்க, அவங்களுக்கு கணக்கு வராதா?

நம்ம சனம் தோட்டத்துல தொர, கணக்கப்புள்ள, கங்காணின்னு அதிகாரம் பண்றவங்கள மேல பாத்தே பழகுனவங்க. நம்மளயும் இன்னொரு தொரையா ஆக்கிருவாங்க, அது நமக்கும் சொகமாத்தான் இருக்கும். பேதுரு தன் மொத நிருபம் 5ல மந்தைய இறுமாப்பா ஆளாதீங்கன்னு மூப்பர்களுக்குத்தான் எழுதுறாரு, சபைக்கு இல்ல.

இன்னொன்னு. நிவாரண லிஸ்ட்டுல நம்ம சபை ஆளுங்க மட்டும் இருந்தா "அரிசி குடுத்து மதம் மாத்துறாங்க"ன்னு பேச்சு வரும், வந்தா தப்பு சொல்லவும் முடியாது. அதனால லயத்துல உள்ள எல்லா குடும்பத்தோட பேரும் இருக்கணும், அத எழுதும்போது மாரியம்மன் கோயில் கமிட்டில ஒருத்தரும் கூட இருக்கட்டும், சாமான் குடுக்குற எடத்துல ஜெபம் பண்ணச் சொல்லி யாரையும் நிப்பாட்டாதீங்க. வாங்கிட்டுப் போகட்டும், வீட்டுல புள்ளைங்க காத்துட்டு இருக்கும்.