மூடுபனிக்குள் ஒரு சந்து

நண்பர்களே, பிரெஞ்சு காமிக்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு லயன்-முத்து காமிக்ஸின் கேப்டன் டைகர்தான் கண்முன் வருவார். குதிரை, பாலைவனம், துப்பாக்கி. நான் இன்று பேச வந்த கதையில் ஒருவர் பாரிஸ் தெருக்களில் நடக்கிறார். கொலையும் உண்டு, துப்பறிதலும் உண்டு. ஆனாலும் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த நடைதான்.

பிரெஞ்சு ஓவியர் ழாக் தார்தி வரைந்து 1982இல் ஆல்பமாக, அதாவது காமிக்ஸ் புத்தகமாக, வந்த ‘தோல்பியாக் பாலத்து மூடுபனி’யைச் சொல்கிறேன். மூலம், எழுத்தாளர் லியோ மாலேயின் நாவல். பாரிஸில் 20 வட்டாரங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துப்பறியும் நாவல் என்று கிளம்பிய மாலே, 15 எழுதினார். இது 13ஆம் வட்டாரத்தின் கதை, காலம் 1956 நவம்பர்.

துப்பறிவாளர் நெஸ்தோர் புர்மாவின் வாயில் காளைத்தலை செதுக்கிய புகைக்குழாய். மருத்துவமனையில் இறந்துபோன பழைய தோழர் குடியிருந்த ஓத்-ஃபோர்ம் சந்துக்கு அவர் போகவேண்டும். கதைக்கு ‘போய்ச் சேர்ந்தார்’ என்ற ஒரு வரி போதும். தார்திக்குப் போதாது. தலைக்கு மேலே ஓடும் மெட்ரோவின் தூண்கள், ஈரத்தில் மின்னும் கல் பாவிய தெரு, காரை உதிர்ந்த சுவர் என்று ஊரையே கறுப்பு வெள்ளையில், சாம்பல் பூசி நம்முன் விரிக்கிறார். வசனமே இல்லாத கட்டங்களை அவசரமாகப் புரட்டிவிடாதீர்கள். அங்கேதான் நம் கண்ணும் புர்மாவோடு நடக்கப் பழகுகிறது.

தாவீத் புருதோம் என்ற இன்னொரு ஓவியர் 2012இல் ஒரு காமிக்ஸ் புத்தகத்தில் இதே நடையை லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் கொண்டுபோனார். ஓவியங்களைவிட அவற்றின் முன்னால் நிற்கிற, குனிகிற, சோர்ந்து உட்காருகிற கூட்டத்தைத்தான் அவர் அதிகம் பார்க்கிறார். அந்தப் புத்தகம் தனியாக ஒரு மாலைப் பேச்சுக்கு உரியது.

சரி, அந்தச் சந்துக்கு வருவோம். தார்தி வரைந்தபோதே பழைய ஓத்-ஃபோர்ம் சந்து அங்கே இல்லை. இடித்துவிட்டு, கட்டடக் கலைஞர் போர்ட்சாம்பார்க் வடிவமைத்த குடியிருப்பை 1979இல் கட்டி முடித்திருந்தார்கள். இல்லாத தெருவில்தான் தார்தி தம் ஆளை நடக்கவிட்டார். எனக்குத் தொண்டை அடைக்கிற இடம் இது. தோல்பியாக் பாலத்துக்குப் பக்கத்தில் 1996இல் தேசிய நூலகமும் வந்துவிட்டது, நான்கு கண்ணாடிக் கோபுரங்களோடு. மாலேயின் 13ஆம் வட்டாரத்தைத் தேடி இன்று அங்கே போகிறவர் தார்தியின் ஆல்பத்தையும் கையில் எடுத்துப் போகவேண்டும்.