எடின்பரோவிலிருந்து ஒரு பகல்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குப் பிள்ளைகளின் பட்டமளிப்பு விழாவுக்கென்றும், ஆகஸ்ட் மாதக் கலைவிழாவுக்கென்றும், வெறுமனே ஊர் பார்ப்பதற்கென்றும் வருகிற நம்மவர்கள் பலர் ஒரு வாரம் அளவுக்குத் தங்குகிறார்கள். கோட்டை, ராயல் மைல் வீதி, ஹோலிரூட் அரண்மனை, ஆர்தர்ஸ் சீட் குன்று என்று நகரத்துக்குள்ளேயே இரண்டு மூன்று நாட்கள் போய்விடும். மீதி நாட்களில் எங்கே போகலாம் என்று கேட்டால், அவர்கள் எழுதி வைத்திருக்கும் பட்டியலில் முதலிடம் அநேகமாக லாக் நெஸ் ஏரிக்குத்தான். காலையில் புறப்பட்டு இரவுக்குள் தங்குமிடம் திரும்பிவிடும் பயணங்களைத் திட்டமிடுவது பற்றிப் பேச வந்திருக்கும் நான், அந்த ஏரியை அப்படிப்பட்ட பயணத்துக்கு யாருக்கும் பரிந்துரைப்பதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

காரணம் எளிது. எடின்பரோவிலிருந்து வடக்கே இன்வர்னெஸ் நகரத்துக்கு ரயிலில் ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் ஆகும். ஏரிக்கு அங்கிருந்து வேறு வண்டி பிடிக்கவேண்டும். க்ளென்கோ பள்ளத்தாக்கு வழியாகப் போய்த் திரும்பும் சுற்றுலாப் பேருந்துகளோ சுமார் பன்னிரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. அதில் பெரும்பகுதி கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் கழியும். மலைகளின் நடுவே இறங்கி நிற்பது சில நிமிடங்கள், ஏரிக்கரையில் இருப்பது ஒன்றிரண்டு மணி நேரம். அந்த ஏரியில் நீண்ட கழுத்துடைய விலங்கு ஒன்று வாழ்வதாக நம்புகிறவர்கள்கூட, அதைப் பார்ப்பதற்கு அந்த அவகாசம் போதாது என்பதை ஒப்புக்கொள்வார்கள். மேட்டுநிலங்களைப் பார்த்தே தீரவேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் இன்வர்னெஸ்ஸிலோ ஃபோர்ட் வில்லியத்திலோ இரண்டு இரவுகள் தங்குவதே முறை.

ஒரு பகல் பயணத்தை மாலையிலிருந்து பின்னோக்கித் திட்டமிடவேண்டும். இருட்டும் நேரம், கோட்டை வாயில் மூடும் நேரம், திரும்பும் பேருந்து கடைசியாகப் புறப்படும் நேரம் ஆகிய மூன்றையும் முதலில் குறித்துக்கொண்டு, அவற்றில் எது முந்தி வருகிறதோ அதிலிருந்து கணக்கிட்டுக் காலையில் புறப்படும் நேரத்துக்கு வரவேண்டும். எடின்பரோ ஏறத்தாழ 56 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், ஆண்டு முழுவதும் பகல்பொழுது பெரிதாக மாறாத நம் ஊர்ப் பழக்கத்தை வைத்து இங்கே கணக்குப் போட முடியாது. ஜூன் மாதக் கடைசியில் காலை நான்கரை மணிக்கே சூரியன் உதித்து, இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். டிசம்பர் மாதக் கடைசியில் எட்டே முக்காலுக்குத்தான் விடியும்; மாலை நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும்.

கோடையில் பத்து மணிவரை வெளிச்சம் இருப்பதால் கோட்டைகளும் அதுவரை திறந்திருக்கும் என்று எண்ணிவிடக்கூடாது. ஐந்து ஆறு மணிக்கெல்லாம் பெரும்பாலும் மூடிவிடுவார்கள், அதற்கும் முன்பே உள்ளே விடுவதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே கோடையில் சுவருக்குள் இருப்பதைப் பகலில் பார்த்துவிட்டு, கடற்கரையையும் ஆற்றங்கரையையும் மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். குளிர்காலத்தில் இதைத் தலைகீழாக்கவேண்டும்: வெளிச்சம் இருக்கும் நடுப்பகலில் வெளியே நடப்பதை முடித்துக்கொண்டு, இருட்டத் தொடங்கியதும் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்துவிடுவது நல்லது. குளிர்காலத்தில் சில இடங்கள் முழுவதுமாக மூடியிருக்கும். பழைய கற்சுவர்களின் உறுதியைச் சோதிக்கும் பணி நடப்பதால் சில இடங்களில் ஒரு பகுதிக்குள் மட்டும் அனுமதி இருக்கலாம். அந்தந்த நினைவுச்சின்னத்தின் இணையதளத்தை முந்தைய நாள் பார்த்துவிட்டால் வாயிலில் போய் ஏமாறவேண்டியிருக்காது.

வண்டி ஓட்டத் தெரிந்தவர்களுக்கும் நான் ரயிலைத்தான் சொல்வேன். எடின்பரோவின் மைய நிலையமான வேவர்லி, பழைய நகரத்துக்கும் புதிய நகரத்துக்கும் இடையே, முன்பொரு காலத்தில் ஏரி இருந்து வற்றவைக்கப்பட்ட பள்ளத்தில் இருக்கிறது. நகரத்தின் நடுவில் தங்கியிருப்பவர்கள் அங்கே நடந்தே போய்விடலாம். முன்பெல்லாம் காலை, மாலை நெரிசல் நேரங்களில் கட்டணம் கூடுதலாக இருந்தது. 2025 செப்டம்பர் 1 முதல் ஸ்காட்லாந்தின் ரயில் நிறுவனமான ஸ்காட்ரெயில் அந்தக் கூடுதல் கட்டணத்தை நீக்கிவிட்டதால், பயணச்சீட்டு மலிவாகட்டும் என்று காலை நெரிசல் முடியும்வரை காத்திருக்கவேண்டிய தேவை இப்போது இல்லை. குளிர்காலப் பயணத்துக்கு இது பெரிய உதவி. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ரயில்கள் தாமதமாகத் தொடங்கும், எண்ணிக்கையும் குறையும்.

மேற்கே போகும் பாதையை எடுத்துக்கொள்வோம். ஸ்காட்லாந்து அரசி மேரியின் வாழ்க்கை இந்த ஒரே பாதையில் அடுக்கி வைத்ததுபோல் கிடக்கிறது. இருபது நிமிடத்தில் வரும் லின்லித்கோவின் அரண்மனையில் அவர் 1542 டிசம்பர் 8 அன்று பிறந்தார். ஆறாவது நாள் தந்தை ஐந்தாம் ஜேம்ஸ் இறந்துபோக, தொட்டில் குழந்தை நாட்டுக்கு அரசியானது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், ஒன்பது மாதக் குழந்தையாக இருந்த அவருக்கு ஸ்டர்லிங் கோட்டையில் முடிசூட்டினார்கள். 1566-இல் அவர் பெற்ற மகன், பின்னாளில் இங்கிலாந்துக்கும் அரசரான ஆறாம் ஜேம்ஸ், எடின்பரோ கோட்டையின் ஒரு சிறிய அறையில் பிறந்தார். இந்த ஒழுங்கை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு, அடுத்தடுத்துப் பார்க்கும் கோட்டைகள் ஒன்றோடொன்று குழம்பிப்போவதில்லை. இடங்களைத் தூரத்தை மட்டும் வைத்துச் சேர்க்காமல், ஒரு கதையை வைத்துச் சேர்ப்பது பயணத்தை எளிதாக்குகிறது என்பது என் அனுபவம்.

லின்லித்கோ அரண்மனை 1746-இல் கம்பர்லாந்து கோமகனின் படைகள் தங்கியிருந்தபோது தீக்கிரையானது. இன்றும் கூரையின்றி, ஓர் ஏரியின் கரையில் நிற்கிறது. ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். ஸ்டர்லிங் அப்படியல்ல, நிலையத்திலிருந்து கோட்டைக்குச் செங்குத்தாக ஏறவேண்டும் என்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு வாடகை வண்டி அமர்த்திவிடுங்கள். உள்ளே ஐந்தாம் ஜேம்ஸின் அரண்மனை அறைகளைப் பதினாறாம் நூற்றாண்டின் வண்ணங்களோடு மீட்டெடுத்திருக்கிறார்கள். அங்கே தொங்கும் யூனிகார்ன் திரைச்சீலைகள் 13 ஆண்டுகள் கையால் நெய்யப்பட்டவை. வெளியே பேரவை மண்டபத்துக்கு வெளிர்மஞ்சள் சுண்ணம் பூசியிருக்கிறார்கள். சாம்பல் நிறக் கல்லையே பழைமையின் அடையாளமாகக் கருதுகிறவர்களை அது உறுத்தலாம். அந்தக் காலத்தில் கோட்டை அப்படித்தான் பளிச்சென்று இருந்தது என்பதே அறிஞர்களின் முடிவு. கோட்டைக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க் குன்றில் தெரியும் வாலஸ் நினைவுக் கோபுரத்தில் 246 படிகள் உண்டு, மின்தூக்கி கிடையாது. பெரியவர்களோடு வருகிறவர்கள் கோட்டைச் சுவரில் நின்று அதைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மேரியின் கதை ஒரே பாதையில் அமைந்திருக்க, மன்னர் ராபர்ட் புரூஸின் கதை எதிரெதிரான இரண்டு திசைகளில் பிரிந்து கிடக்கிறது. 1314-இல் ஸ்டர்லிங் அருகே பானக்பர்ன் போரில் ஆங்கிலேயரை வென்ற அவர், 1329-இல் இறந்தார். உடல் வடக்கே டன்ஃபர்ம்லின் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் தனியே எடுத்து, அவருடைய நண்பர் ஜேம்ஸ் டக்ளஸ் சிலுவைப்போருக்குக் கொண்டுபோனார். அவர் ஸ்பெயினில் போரில் மடிய, இதயம் மட்டும் திரும்பி வந்து தெற்கே மெல்ரோஸ் மடாலயத்தில் இடம்பெற்றது. இதயம் இருந்த ஈயப் பேழையை 1996-இல் அகழ்ந்தெடுத்து, 1998-இல் மீண்டும் அங்கேயே புதைத்தார்கள். டன்ஃபர்ம்லின் தேவாலயக் கோபுரத்தின் உச்சியில் நான்கு பக்கமும் அவர் பெயரைப் பெரிய கல்லெழுத்துகளால் செதுக்கியிருக்கிறார்கள். அடக்கமான ரசனை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒருமுறை பார்க்கவேண்டியதுதான்.

மெல்ரோஸுக்குப் போக ட்வீட்பேங்க் வரை ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். 1969-இல் மூடப்பட்ட அந்தத் தடத்தின் வடபகுதியை 2015-இல்தான் மறுபடி திறந்தார்கள். நிலையத்திலிருந்து மடாலயத்துக்குப் பேருந்து உண்டு. எதிர்ப்புறம் சிறிது தூரம் நடந்தால் எழுத்தாளர் சர் வால்டர் ஸ்காட் தமக்கென்று கட்டிக்கொண்ட அபட்ஸ்ஃபோர்ட் மாளிகை வரும். ஒரு பகலில் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.

டன்ஃபர்ம்லின் போகும் ரயில் ஃபோர்த் பாலத்தின் மேல் செல்கிறது. 1890 மார்ச் 4 அன்று திறக்கப்பட்ட அந்தப் பாலத்துக்கு, 1879-இல் டே ஆற்றின் மேல் இருந்த ரயில் பாலம் புயலில் இடிந்து ரயிலோடு ஆற்றில் விழுந்ததன் அச்சத்தினால், ஐம்பதாயிரம் டன்னுக்கும் அதிகமான எஃகைக் கொட்டி உறுதி சேர்த்தார்கள். 2015-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் பாலத்தின் மேல் போகிறவருக்குப் பாலம் தெரியாது. சிவப்புக் குழாய்கள் ஜன்னலைக் கடந்து போவதுதான் தெரியும். அதைப் பார்க்கவேண்டுமானால் பாலத்துக்கு முன்பே டால்மெனி நிலையத்தில் இறங்கி, கீழே சவுத் குவீன்ஸ்ஃபெரி கடற்கரைக்கு நடந்துவிடவேண்டும். 1964-ஆம் ஆண்டுச் சாலைப் பாலமும் 2017-ஆம் ஆண்டுப் பாலமும் சேர்ந்து, மூன்று நூற்றாண்டுப் பொறியியல் அங்கே ஒரே பார்வையில் அடங்கும். ஈஸ்டர் முதல் அக்டோபர் வரை அங்கிருந்து படகில் இஞ்ச்கம் தீவின் பழைய மடாலயத்துக்கும் போய்வரலாம்.

வரலாறு போதும் என்று பிள்ளைகள் முகம் சுளிக்கும் நாளில் கிழக்கே நார்த் பெரிக் ஊருக்குப் போங்கள். ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்குள் நூறு மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் பாஸ் ராக் என்னும் எரிமலைப் பாறை, கோடையில் பனி மூடியதுபோல் வெண்மையாகத் தெரியும். அந்த வெண்மை முழுவதும் கேனட் என்னும் பெரிய கடற்பறவைகளும் அவற்றின் எச்சமும்தான். உலகில் இந்த இனத்தின் மிகப் பெரிய குடியிருப்புகளுள் அது ஒன்று. அதன் அறிவியல் பெயரிலேயே இந்தப் பாறையின் பெயர் இருக்கிறது. 2022-இல் பறவைக் காய்ச்சல் பரவி ஏராளமானவை மடிந்தன. ஆயினும் இறக்கை மடக்கிக் கடலில் செங்குத்தாகப் பாயும் காட்சிக்குக் குறைவில்லை. வசந்தத்தின் தொடக்கத்தில் வந்து அக்டோபருக்குள் அவை போய்விடும். அதற்குப் பிறகு போகிறவர்கள் வெறும் பாறையைத்தான் பார்ப்பார்கள்.

படகுப் பயணத்துக்கு முன்பதிவு செய்திருந்தாலும், காற்று வலுத்தால் அன்று காலையில்கூட ரத்து செய்துவிடுவார்கள். ஆகவே இந்த ஊருக்குப் போகும் நாளில் மாற்றுத் திட்டம் ஒன்று கையில் இருக்கவேண்டும். சில கிலோமீட்டர் தள்ளிப் பாறை முனையில் நிற்கும் டான்டாலன் கோட்டை அதற்குப் பொருத்தமானது. எதிரே பாஸ் ராக்கும் தெரியும். சிற்றூர்களில் உணவகச் சமையலறைகள் மதிய உணவுக்குப் பிறகு மூடிவிடுவது வழக்கம். சைவ உணவுக்காரர்கள் புளியோதரையோ சப்பாத்தியோ கட்டி எடுத்துக்கொண்டு போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு ரயில் நிலையம் இல்லை. லூக்கர்ஸ் வரை ஒரு மணி நேரம் ரயில், அங்கிருந்து கால்மணி நேரம் பேருந்து. அல்லது எடின்பரோவிலிருந்து நேர்ப் பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். பல்கலைக்கழகம் 1413-இல் தோன்றியது. இடிந்த பேராலயம் 1318-இல் புரூஸ் மன்னரின் முன்னிலையில் அர்ப்பணிக்கப்பட்டது. புகழ்பெற்ற ஓல்டு கோர்ஸ் கோல்ஃப் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம் கிடையாது. ஊர்மக்கள் நாயோடும் குழந்தையோடும் அதில் உலாவுவார்கள். மைதானத்தில் காலார நடக்க விரும்புகிறவர்களுக்கு ஞாயிறு ஏற்ற நாள், ரயில் குறைவு என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால்.

ஊர் திரும்பும் நாளில் அரைநாள்தான் மிச்சம் இருந்தால், நகரப் பேருந்திலேயே கிராமண்ட் என்ற கடலோரச் சிற்றூருக்குப் போகலாம். கடல் வற்றும்போது, சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிராமண்ட் தீவுக்கு நடைபாதை வெளிப்படும். அதன் ஓரமாக இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கான்கிரீட் தூண்கள் வரிசையாக நிற்கும். கடல் மிகத் தாழ்ந்திருக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு மணி நேரமே அதில் நடப்பது பாதுகாப்பு. அதை மீறித் தீவில் சிக்கிக்கொள்கிறவர்களை உயிர்காப்புப் படகினர் திரும்பத் திரும்ப மீட்டு வருகிறார்கள். நேரங்களைப் பாதையின் தொடக்கத்தில் அறிவிப்புப் பலகையில் எழுதியிருப்பார்கள். அவை நாளுக்கு நாள் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்றுப் போய்வந்தவர் சொன்ன நேரத்தை நம்பி இறங்காதீர்கள். அன்று பகலில் கடல் வற்றும் வேளை வாய்க்கவில்லையென்றால், கரையோர நடைபாதையில் கிழக்கே கிரான்டன் பக்கமாக ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அங்கிருந்து பேருந்தில் நகரத்துக்குத் திரும்பிப் பெட்டியைக் கட்டலாம். நன்றி, வணக்கம்.