சாவு வீட்டில் விடிய விடிய
(வேலூரில் கல்லூரி மாணவர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் 'வேக்' என்றால் விழிப்பது. ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குத் தினமும் காதில் விழுகிற சொல். கப்பல் போன பின் தண்ணீரில் விழும் தடத்துக்கும் அதே பெயர்தான், ஆனால் அது வேறு குடும்பம். பனிக்கட்டியில் உண்டாகும் திறப்பைக் குறித்த பழைய நார்ஸ் (ஸ்காண்டிநேவியர்களின் பழைய மொழி) சொல்லிலிருந்து வந்தது. அதை விட்டுவிடுவோம். நான் பேச வந்தது சாவு வீட்டு 'வேக்' பற்றி, அதாவது பிணத்தின் பக்கத்தில் ராத்திரி கண்விழித்து உட்காருவது பற்றி.

வாட்ஸ்அப்பில் ஒரு கதை பார்த்திருப்பீர்கள். ஈயம் கலந்த கோப்பையில் சாராயம் குடித்தவர்கள் செத்தவர்களைப் போல மயங்கிக் கிடப்பார்களாம். எழுந்துவிடுவார்களோ என்று உறவினர்கள் சுற்றி உட்கார்ந்து பார்ப்பார்களாம். அதனால் அந்தப் பெயராம். சுத்தக் கட்டுக்கதை. பழைய ஆங்கிலத்திலேயே அந்தச் சொல்லுக்குக் கண்விழித்துக் காவல் இருப்பது என்ற பொருள் உண்டு. செத்தவர் எழுவதைப் பற்றிய பேச்சே இல்லை. விழித்திருப்பவர்கள் உயிரோடு இருக்கும் நாம்.

அயர்லாந்தில் பிணத்தைத் தனியாக விடமாட்டார்கள். கடிகாரத்தை நிறுத்துவார்கள், கண்ணாடியை மூடுவார்கள். அந்தக் காலத்தில் ஒப்பாரி வைக்கக் கூலிக்குப் பெண்களும் வருவார்கள். அப்புறம் புகையிலை, சாராயம், கதை, விளையாட்டு என்று ராத்திரி போகும். பாதிரிமார்கள் 17-ஆம் நூற்றாண்டிலிருந்து கண்டித்துப் பார்த்தார்கள், ஜனங்கள் கேட்கவில்லை.

இங்கிலாந்திலோ கோயில் திருநாளுக்கு முந்தின இரவு கண்விழிப்பதும் 'வேக்' ஆனது. அது திருவிழாவாகி, சந்தையாகி, கடைசியில் லங்காஷயர் பஞ்சாலைத் தொழிலாளர்களின் ஒரு வார விடுமுறையாக முடிந்தது. ஆலையைப் பூட்டிவிட்டு பிளாக்பூல் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள்!

நம்ம பக்கம் வாருங்கள். 1989-இல் பிரிவதற்கு முன் ஒரே மாவட்டமாக இருந்த வட ஆர்க்காட்டில், செய்யாறு, ஆரணி, வந்தவாசிப் பக்கம், கருமாதியையொட்டி கர்ண மோட்சம் கூத்து வைப்பது வழக்கம். ஏன் கர்ணன்? சாகும்போது தான் செய்த புண்ணியத்தையும் தானமாகக் கொடுத்துவிட்டுப் போனவன் அவன். அந்தக் கதையை ஆடினால் போனவருக்கும் மோட்சம் என்பது நம்பிக்கை. மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் கட்டத்தில் கூட்டமே அழும். தன் வீட்டுச் சாவுக்கு அடக்கி வைத்த அழுகையும் அங்கேதான் வெளியே வரும் என்று நினைக்கிறேன்.

அதற்கு நடுவே கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து நக்கலடிப்பான், துக்கக்காரரும் சிரிப்பார். சாவு வீட்டில் என்ன இது என்று பட்டணத்துக்காரர் முகம் சுளிக்கலாம். ஐரிஷ்காரர் வந்தால் பாய் ஒன்று கேட்டு வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார்.