திட்டம் போட்டவருக்குத்தான் டுப்ரோவ்னிக்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்றைய தலைப்பு, "பழைய கடற்கரை ஊருக்கு விடுமுறை போகும்போது இன்பம் தருவது முன்கூட்டிப் போடும் திட்டமா, போகிற போக்கா?" நான் திட்டமே என்று பேச வந்திருக்கிறேன். பொதுப்படையாகப் பேசினால் இரண்டு பக்கமும் நியாயம் என்று முடிந்துவிடும். அதனால் எதிரணித் தலைவர் எடுத்துக்கொண்ட அதே ஊரை நானும் எடுத்துக்கொள்கிறேன். குரோஷியாவின் தென்கோடியில், மத்தியதரைக் கடலின் ஒரு பகுதியான அட்ரியாட்டிக் கரையில் இருக்கிற டுப்ரோவ்னிக். "டிக்கெட்டைப் போடு, பையைத் தூக்கு, கல் பாவிய தெருவில் கால் போன திசையில் நட, வழி தவறு, அதுதான் பயணம்" என்றார் அவர். நல்ல கைதட்டலும் கிடைத்தது. கேட்கும்போது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் நடுவர் அவர்களே, வழி தவறுவதற்கு ஊரில் இடம் இருக்க வேண்டாமா? டுப்ரோவ்னிக்கின் பழைய நகரைச் சுற்றியிருக்கும் மதிலின் மொத்த நீளமே 1,940 மீட்டர்தான். ஊருக்கு நடுவே ஓடுகிற ஸ்ட்ராடூன் என்ற பெரிய தெரு சுமார் 300 மீட்டர். இந்தக் கைப்பிடி ஊருக்குள், 2016 ஆகஸ்டில் ஒரே நாளில் மதில்மேல் நடக்க மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கினார்கள். யுனெஸ்கோவே கவலைப்பட்டு, ஒரே நேரத்தில் எட்டாயிரம் பேருக்கு மேல் உள்ளே இருக்கக்கூடாது என்று சொல்ல வேண்டிவந்தது. அப்புறம் நகராட்சி கப்பல் நிறுவனங்களோடு பேசி, ஒரு நேரத்தில் இரண்டு சொகுசுக் கப்பலுக்கு மேல் வராதபடி 2019-ல் ஏற்பாடு செய்தது. இரண்டு கப்பல் என்றாலும் அது ஆயிரக்கணக்கான ஆட்கள். க்ரூஷ் துறைமுகத்தில் இறங்கி, பஸ் பஸ்ஸாக வந்து, பீலே வாசல் வழியாகத்தான் பெரும்பாலோர் உள்ளே நுழைகிறார்கள். ஆகஸ்ட் மாதம் காலை பதினொரு மணிக்கு அந்த வாசலில் போய் நின்று பாருங்கள். கால் போன திசையில் நடக்க முடியாது. பின்னால் வருகிறவர் தள்ளுகிற திசையில்தான் நடக்க முடியும்.

அதே ஊரைக் காலை ஏழு மணிக்குப் பார்க்க வேண்டும். ஸ்ட்ராடூனின் சுண்ணாம்புக் கற்கள் நூற்றாண்டுக் கணக்காக மிதிபட்டு மிதிபட்டு வழவழவென்று ஆகி, மழை பெய்யாத நாளிலும் ஈரமாக இருப்பதுபோல மின்னும். கடைகளுக்குச் சரக்கு ஏற்றிவரும் சின்ன வண்டிகள் அந்த நேரத்தில்தான் ஓடும். குண்டுலிச் சதுக்கத்தில் காய்கறிச் சந்தை கூடும். உலர்ந்த அத்திப்பழம், சர்க்கரையில் ஊறிய ஆரஞ்சுத் தோல், லாவெண்டர் பொட்டலம் எல்லாம் பலகையில் அடுக்கிவைத்து விற்பார்கள், விலை கேட்டுக்கொண்டு நிதானமாக நிற்கலாம், யார் தோளும் இடிக்காது. கோடையில் எட்டு மணிக்கு மதில் திறந்ததும் மேலே ஏறினால், வெயில் ஏறுவதற்குள் ஒரு சுற்று முடித்துவிடலாம். மேலே நிழல் என்பதே கிடையாது. போகிற போக்கில் போகிறவர் நண்பகலில் ஏறுவார், பாதியில் இறங்கிவிடத் துடிப்பார். டிக்கெட் விலையோ கோடையில் பெரியவர் ஒருவருக்கு 35 யூரோவுக்குக் குறையாது. கிட்டத்தட்ட அதே விலைக்கு மதில், அருங்காட்சியகங்கள், நகரப் பஸ் எல்லாம் சேர்ந்த நகர பாஸ் கிடைக்கிறது என்பதை வரிசையில் நிற்கும்போதா தெரிந்துகொள்வது?

இந்தக் காலை நேரம் யாருக்குக் கிடைக்கும்? ராத்திரி அந்த ஊரில் தங்கியவருக்கு. எந்த நாளில் எத்தனை கப்பல் வருகிறது என்ற அட்டவணையைத் துறைமுக நிர்வாகமே இணையத்தில் போடுகிறது. அதைப் பார்த்து, கப்பல் குறைந்த நாளை மதிலுக்கும், கப்பல் நிறைந்த நாளை லோக்ரும் தீவுக்கும் ஒதுக்கினால் போதும். பழைய துறையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடப் படகில் தீவு வந்துவிடும். பைன் மரமும் மயிலும் பாறைக்கரையும் உண்டு. அங்கே இரவு தங்க அனுமதி இல்லை, கடைசிப் படகைத் தவறவிடக்கூடாது. குளிர்காலத்தில் அந்தப் படகே ஓடாது.

மாதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் திட்டத்தில் பாதி. ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 25 வரை கோடை விழா நடக்கும், 1950 முதல் நடந்துவருகிறது. கோட்டைகளிலும் சதுக்கங்களிலும் திறந்தவெளியில் நாடகமும் இசையும் கேட்க ஆசை என்றால் கூட்டத்தையும் விலையையும் பொறுத்துக்கொண்டு அப்போதுதான் போக வேண்டும். நீந்தவும் வேண்டும், கூட்டமும் ஓரளவு குறைந்திருக்க வேண்டும் என்றால் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம். கடல் அப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். பிப்ரவரி 3 அன்று ஊரின் காவல் புனிதர் பிளேசின் திருநாள், அது ஊர்க்காரர்களின் விழா. எது வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யாமல், மலிவாக விமான டிக்கெட் கிடைத்தது என்று ஜனவரியில் போய் இறங்கினால், பாதி உணவகம் மூடியிருக்கும், தெற்கிலிருந்து ஈரக்காற்றும் மழையும் நாள் கணக்கில் அடிக்கும்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் சொன்னார்: "பக்கத்திலேயே கோட்டோர் இருக்கிறது, மோஸ்தார் இருக்கிறது, காலையில் மனசு வந்தால் பஸ் ஏறிவிடலாம்." இந்த ஒரு இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கேட்டுவிட்டு யாராவது ஏறிவிடுவார்கள். ஒரே விசாவில், எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்தான் ஷெங்கன் பகுதி, குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் அதில் இருக்கிறது. கோட்டோர் இருப்பது மாண்டினீக்ரோவில், மோஸ்தார் இருப்பது போஸ்னியாவில். இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. இந்தியப் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் ஷெங்கன் விசாவை எடுத்துப் பாருங்கள், நுழைவுகளின் எண்ணிக்கை என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் 01 என்று இருந்தால், எல்லையைத் தாண்டிப் பகல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு மாலையில் திரும்ப முடியாது. அறையில் பெட்டி, பெட்டியில் துணி, மறுநாள் விமானம், எல்லாம் குரோஷியாவில் இருக்கும், நீங்கள் எல்லைச் சாவடியில் நின்றுகொண்டிருப்பீர்கள். பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும் என்பதை விண்ணப்பிக்கும்போதே கேட்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாக வேண்டும். குறைந்தபட்சம் 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். மனசு வந்த காலையில் இதெல்லாம் நடக்காது.

வடக்கே இருக்கும் ஸ்ப்ளிட் நகரிலிருந்து சாலை வழியாக வருகிறவர்கள் முன்பு நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவின் கடற்கரைத் துண்டைக் கடந்துதான் வர வேண்டியிருந்தது. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் எந்தப் பஸ் எந்த வழியில் போகிறது என்று ஏறும் முன் கேட்டுக்கொள்வது நல்லது.

தங்குமிடம். படத்தில் பார்த்துவிட்டு மதிலுக்குள்தான் தங்குவேன் என்று அடம்பிடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், ஸ்ட்ராடூனிலிருந்து மேலே ஏறும் சந்துகள் எல்லாமே படிக்கட்டுகள். உள்ளே கார் வராது. இருபது கிலோ பெட்டியோடும் முட்டிவலிக்கார அம்மாவோடும் போகிற குடும்பத்துக்கு அது சரிவராது. மதிலுக்கு வெளியே இருக்கும் லாப்பாட் பக்கம் தங்கினால் சமதளமாக நடக்கலாம், கடற்கரை உண்டு, 6-ஆம் எண் பஸ் பீலே வாசலில் கொண்டுவந்து விடும். இன்னொன்று, பெட்டிச் சக்கரங்கள் கல்லில் கடகடவென்று உருண்டு ராத்தூக்கம் கெடுகிறது என்று ஊர்க்காரர்கள் புகார் சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்று 2023-ல் நகராட்சியே கேட்டுக்கொண்டது. 1991-ல் மதிலுக்குள் ஏறக்குறைய ஐந்தாயிரம் பேர் குடியிருந்தார்கள், இன்று சுமார் 1,500 பேர்தான். அந்த மிச்சப்பேர் துணி காயப்போடுகிற சந்தில்தான் நாம் வழி தவறி நிற்கப்போகிறோம். விருந்தாளி எப்போது வருவேன், எங்கே படுப்பேன் என்று யோசித்துவிட்டுப் போவது அந்த வீட்டுக்காரருக்குத் தருகிற மரியாதை.

திட்டம் என்றாலே ஆபீஸ் வேலை என்று எதிரணியில் ஒருவர் சலித்துக்கொண்டார். ஐயா, நீங்கள் ரசிக்கப் போகிற அந்த ஊரே திட்டத்தால் பிழைத்த ஊர். கொள்ளைநோய் ஐரோப்பாவைத் தின்றுகொண்டிருந்தபோது, 1377-ல், நோய்ப் பகுதியிலிருந்து வருகிறவர்கள் ஊருக்குள் நுழையும் முன் 30 நாள் வெளியே தனித்திருக்க வேண்டும் என்று சட்டம் போட்டது அப்போது ஒரு குடியரசாக இருந்த இந்தக் குட்டி ஊர். உலகத்திலேயே முதன்முதல் அப்படிச் சட்டம் போட்டவர்களில் இவர்கள் அடக்கம். வியாபாரமும் நிற்கக்கூடாது, நோயும் வரக்கூடாது என்று யோசித்திருக்கிறார்கள். 15-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரத்திலிருந்து தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்தார்கள். பீலே வாசலுக்குள் நுழைந்ததும் இருக்கிற ஓனோஃப்ரியோ நீரூற்றில் இன்றும் பாட்டிலை நிரப்பிக்கொள்ளலாம். 1667 ஏப்ரல் 6 அன்று பூகம்பம் வந்து ஊரில் பெரும்பகுதியைத் தரைமட்டமாக்கியது, ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அதன் பிறகு ஸ்ட்ராடூனை ஒரே அமைப்பில், ஒரே உயரத்தில், கீழே கடை மேலே வீடு என்று வகுத்துக் கட்டினார்கள். நாம் வாய்பிளந்து பார்க்கிற அந்த அழகே அந்தத் திட்டம்தான்.

மதில்மேல் நடக்கும்போது கூரைகளைப் பாருங்கள். சில ஓடுகள் வெளுத்து, பழுப்பேறி, பாசி படிந்து இருக்கும். பெரும்பாலான ஓடுகள் பளிச்சென்ற செம்மஞ்சள். அந்தப் புது ஓடுகள், யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த போரில் இந்த ஊர் பட்ட 1991, 92 முற்றுகையின் சுவடு. பழைய நகரின் 824 கட்டடங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் குண்டு பட்டது. 1991 டிசம்பர் 6 அன்று விழுந்தவை மிகக் கொடுமையானவை. வாசல்களுக்கு அருகில் வைத்திருக்கும் வரைபடத்தில் எந்த வீட்டில் எது விழுந்தது என்று குறித்திருக்கிறார்கள். அதைப் பத்து நிமிடம் நின்று படித்துவிட்டு மேலே ஏறியவருக்குக் கூரைகள் வேறு மாதிரி தெரியும். படிக்காதவருக்கு அழகான படம் கிடைக்கும், அவ்வளவுதான்.

சரி, நானும் மணிக்கணக்கில் அட்டவணை போடச் சொல்லவில்லை. மாதம், விசா, படுக்கை, கப்பல் நாள், மதிலேறும் நேரம், இவற்றை வீட்டிலேயே முடித்துவிட்டால் மத்தியானம் முழுக்க உங்களுடையது. தெற்கு மதிலில் ஒரு சின்னத் துவாரம் வழியாக நுழைந்தால் பாறைமேல் வெளிவருவீர்கள், கீழே ஆழமான நீலக் கடல், வேண்டுமளவு குதித்து நீந்தலாம், பாறையில் படுத்துத் தூங்கலாம். எதிரணி கேட்கிற அந்த இலக்கில்லாத பொழுது அங்கேதான் இருக்கிறது, அடுத்த வேலை என்ன என்ற கவலை இல்லாதவருக்குத்தான் அது கைக்கு வரும்.

நடுவர் அவர்களே, ஐரோப்பாவில் வேலை செய்கிற நம் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிள்ளைகளின் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்டில்தான் வருகிறது. மாதத்தை மாற்ற அவர்களால் முடியாது. வருஷம் முழுக்கச் சேர்த்த பணம், ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர், வெயில் தாங்காத குழந்தை, எல்லாவற்றோடும் அவர்கள் பீலே வாசலில் இறங்குகிறார்கள். அவர்களைப் பார்த்து "கால் போன திசையில் நடங்கள்" என்று சொல்ல எதிரணிக்கு மனம் வருமா என்று மட்டும் கேட்டு, தீர்ப்பை உங்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.