படுக்கைக்குக் காசு, ஊசிக்கு இல்லை

வணக்கம். என்னைப் பேசக் கூப்பிட்டதற்கு ஒரே காரணம்தான். மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம் பார்க்கும் ஒரு டிபிஏ ஆபீஸில், மும்பை அந்தேரியில், பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். டிபிஏ என்றால் ஆஸ்பத்திரிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நடுவில் இருந்துகொண்டு ஃபைலைப் புரட்டுகிற இடம். “வருந்துகிறோம்” என்று தொடங்கும் கடிதம் எப்போதாவது உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், அதை அடித்தது நானாகக்கூட இருக்கலாம், மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது ரிட்டயர் ஆகி செம்பூரில் இருக்கிறேன், போன வருடம் அதே கடிதம் எனக்கே வந்தது. நான் நூறு தடவை அடித்த அதே வரி, கமா கூட மாறவில்லை.

விஷயம் எடை குறைக்கும் ஊசி. மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் காலையில் நடக்கிறவர்கள் முன்பெல்லாம் முட்டி வலியைப் பேசுவார்கள், இப்போது இந்த ஊசியைத்தான் பேசுகிறார்கள். எனக்கு ஆறு வருடமாகச் சுகர். எடை 84 கிலோ, உயரம் 5 அடி 2 அங்குலம், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி 8.6. மாத்திரைகளை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு டாக்டர் வாரம் ஒரு தடவை போடும் டிர்செபடைடு ஊசியை எழுதிக்கொடுத்தார். மௌன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் நம் நாட்டுக்கு வந்ததே, அதுதான். வந்தபோது 2.5 மில்லிகிராம் வயல், அதாவது மருந்துக் குப்பி, ஒன்று 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதத்துக்கு நாலு வயல். முதல் மாதம் 14,000, அளவைக் கூட்டியபிறகு 17,500, வருடக் கணக்குப் போட்டால் இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது. கெமிஸ்ட் கடைக்காரர் பில்லை நீட்டியபோது நான் கேட்ட முதல் கேள்வியை நீங்களும் கேட்பீர்கள்: “இது இன்சூரன்ஸில் வராதா?”

வராது. சுருக்கமான பதில் அதுதான், ஆனால் ஏன் வராது என்பதில்தான் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நம் ஊர் ஹெல்த் பாலிசி அடிப்படையில் ஒரு படுக்கைக்குத்தான் காசு தரும். இருபத்துநாலு மணி நேரம் அட்மிட் ஆகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்புரை, டயாலிசிஸ், கீமோ மாதிரி அன்றே வீடு திரும்பும் டே கேர் பட்டியலில் இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் மாத்திரை, போட்டுக்கொள்ளும் ஊசி எல்லாம் ஓபிடி, அதாவது வெளிநோயாளிச் செலவு, அது உங்கள் பையிலிருந்துதான். இன்சுலினுக்கும் இதே கதிதான், அதனால் இந்த ஊசியை மட்டும் தனியாகப் பழிவாங்குகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அட்மிட் ஆவதற்கு முன் 30 அல்லது 60 நாள், வீடு திரும்பிய பிறகு 60 அல்லது 90 நாள் மருந்துச் செலவு கிடைக்கும், ஆனால் எந்த நோய்க்கு அட்மிட் ஆனீர்களோ அதற்கான மருந்தாக இருக்க வேண்டும். என் மேஜைக்கு ஒரு ஃபைல் வந்தது, ஆஞ்சியோபிளாஸ்டி செய்துகொண்டவர், டிஸ்சார்ஜ் சம்மரியில் எடைக்கான ஊசியும் எழுதியிருந்தது. இது இருதயத்துக்கா, எடைக்கா என்று கேள்வி போட்டு அனுப்பினோம். டாக்டரிடமிருந்து தெளிவான பதில் வரவில்லை, ஸ்டென்ட்டுக்குப் பணம் போயிற்று, ஊசி பில்லை வெட்டிவிட்டோம். வெட்டியது நான்தான்.

இரண்டாவது பூட்டு இதைவிடப் பெரியது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2019-இல் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக விலக்குப் பட்டியல் ஒன்றைக் கொடுத்தது, எது எதற்குக் காசு கிடையாது என்று ஒரே வாசகத்தில். அதில் ஆறாவது, கோட் எக்ஸ்க்ல் 06, உடல் பருமன் மற்றும் எடைக் கட்டுப்பாடு. உங்கள் பாலிசிப் புத்தகத்தைத் திறந்தால் கட்டாயம் இருக்கும். வயிற்றைச் சுருக்கும் பேரியாட்ரிக் ஆபரேஷனுக்கு மட்டும் ஒரு சின்ன ஜன்னல் திறந்து வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், டாக்டர் சொல்லியிருக்க வேண்டும், பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 35-க்கு மேல் என்றால் கூடவே கட்டுக்கடங்காத டைப் 2 சுகர், இருதய நோய், தூக்கத்தில் மூச்சு அடைக்கும் கடுமையான ஸ்லீப் ஆப்னியா மாதிரி ஏதாவது இருக்க வேண்டும், அதோடு கத்தி வைக்காத மற்ற வழிகளில் எடையைக் குறைக்கப் பார்த்துத் தோற்றிருக்க வேண்டும்.

என் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிஎம்ஐ என்பது கிலோவில் எடை, அதை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறார்கள், அவ்வளவுதான். நமக்கு வயிற்றில் கொழுப்பு சேரும் வாகு அதிகம் என்பதால் இந்திய டாக்டர்கள் 25-ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்கிறார்கள், என் உயரத்துக்கு அது 62 கிலோ. பாலிசியின் 35 என்பது 87 கிலோ, 40 என்பது 99 கிலோ. நான் 84. என் மகள் காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள், “அம்மா, இன்னும் மூணு கிலோ ஏத்திக்கோ, வயித்தை வெட்டக் காசு தருவாங்க.” சிரித்தோம், ஆனால் அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஊசிக்குக் காசு கிடையாது, அந்த மாதிரி வழிகளில் தோற்றுவிட்டு வந்தால் ஆபரேஷனுக்குக் காசு உண்டு. தோற்பதற்கு ஆகும் செலவு மட்டும் நம்முடையது.

அப்புறம் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. புதிதாகப் பாலிசி எடுக்கும்போது ப்ரபோசல் படிவத்தில் உயரம், எடை இரண்டையும் கேட்பார்கள், பிஎம்ஐ அதிகம் என்றால் பிரீமியத்தில் லோடிங் என்று கூடுதலாக ஒரு தொகை வைக்கும் கம்பெனிகள் உண்டு. அதாவது உள்ளே வரும்போது உடம்பு எடை ஒரு நோய், அதற்கு விலை உண்டு. அதே எடைக்கு வைத்தியம் பார்த்துக் காசு கேட்டால் அது ஏதோ அழகு நிலைய சமாசாரம். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று நான் ஆபீஸில் இருந்தபோது கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, சம்பளம் வந்துகொண்டிருந்தது.

கம்பெனி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள் என்ற முறையில். குடும்பத்துக்கே சேர்த்து எடுத்த எங்கள் வீட்டு ஃபேமிலி ஃப்ளோட்டர் பாலிசிக்கு வருடப் பிரீமியம் 38,000, ஊசி இரண்டு லட்சம். தினமும் வாங்கும் பாலுக்கு யாராவது இன்சூரன்ஸ் தருவார்களா? வரலாம், வராமலும் போகலாம் என்கிற செலவுக்குத்தான் காப்பீடு. இந்த மருந்தோ நிறுத்த முடியாத மருந்து. இதே வகையைச் சேர்ந்த இன்னொரு ஊசியான செமாக்ளூடைடை வைத்து 2021-இல் வெளியான ஸ்டெப் 1 ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது, மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம்தான். ஆனால் ஊசியை நிறுத்திய ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. ஆக ஆரம்பித்தால் முடிவில்லாத செலவு, கம்பெனி பயப்படுவது புரிகிறது.

இதற்கு டயாலிசிஸை வைத்து ஒரு பதில் சொல்லலாம், அதுவும் வாராவாரம், வருடக்கணக்காகத்தான், அதற்குக் கொடுக்கிறார்கள். இன்னொரு பதில் இருதயம். செமாக்ளூடைடை வைத்து 2023-இல் வந்த செலெக்ட் ஆய்வில் 17,604 பேரைப் பார்த்தார்கள், ஏற்கெனவே இருதய நோயும் அதிக எடையும் இருந்தவர்கள், சுகர் இல்லாதவர்கள். அதில் மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் எல்லாம் சேர்த்து 20 சதவீதம் குறைந்தது. அப்படியென்றால் ஆஸ்பத்திரிப் படுக்கைச் செலவு கம்பெனிக்கே மிச்சம்தானே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, அப்புறம்தான் பிடிபட்டது: பாலிசி ஒரு வருட ஒப்பந்தம். இன்று இந்தக் கம்பெனி ஊசிக்குக் காசு கொடுத்து, எட்டு வருடம் கழித்து வராமல்போன மாரடைப்பின் லாபம் யாருக்கு? நீங்கள் நடுவில் போர்ட் செய்து போய்ச்சேர்ந்த வேறு கம்பெனிக்கு. வேறு ஆள் அறுவடை செய்யப்போகும் வயலுக்கு யார் தண்ணீர் கட்டுவார்கள்?

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. நியூ ஜெர்சியில் இருக்கும் என் நாத்தனார் பையன் ஊசி வாங்கும் முன் கம்பெனியிடம் முன்அனுமதி கேட்டு, டாக்டர் படிவம் நிரப்பி, வாரக்கணக்கில் காத்திருக்கிறான். அங்கே வெகோவி என்ற பெயரில் விற்கும் செமாக்ளூடைடு ஊசிக்கு மாதம் 1,349 டாலர் என்று விலை போட்டிருந்தார்கள். வடக்கு கரோலினா மாநில அரசு ஊழியர் திட்டம் கட்டுப்படியாகவில்லை என்று 2024 ஏப்ரலில் எடைக்கான ஊசிகளுக்குக் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. வயதானவர்களுக்கான மெடிகேர் திட்டத்தில் எடை குறைக்கும் மருந்துக்குப் பணம் கூடாது என்று 2003 சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 2024 மார்ச்சில் வெகோவிக்கு இருதய ஆபத்தைக் குறைக்கவும் அனுமதி கிடைத்தது, உடனே அந்தக் காரணத்துக்காக எழுதினால் மெடிகேரில் கொடுக்கலாம் என்று ஆயிற்று. அதே ஊசி, அதே உடம்பு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

அங்கேதான் என் கதைக்குத் திரும்ப வருகிறேன். என் மகன் வேலை பார்க்கும் இடத்தின் குரூப் பாலிசியில் பெற்றோருக்கும் ஓபிடி உண்டு, வருடத்துக்கு 15,000 ரூபாய். அதில்தான் பில் போட்டேன், திருப்பி அனுப்பினார்கள். காரணம் எக்ஸ்க்ல் 06. சீட்டைத் திரும்பப் பார்த்தால் டாக்டர் முதல் வரியில் உடல் பருமன் என்றும், இரண்டாவது வரியில் டைப் 2 டயாபடிஸ் என்றும் எழுதியிருக்கிறார். க்ளெய்ம் பார்க்கிற பெண் முதல் வரியோடு நிறுத்தியிருப்பாள், நானும் அப்படித்தான் நிறுத்துவேன், ஒரு நாளைக்கு எழுபது ஃபைல். டாக்டரிடம் போய், இந்த மருந்து சுகருக்காகத்தான், எந்தெந்த மாத்திரை எத்தனை மாதம் கொடுத்தும் கட்டுப்படவில்லை, ஹெச்பிஏ1சி இவ்வளவு என்று தேதியோடு ஒரு கடிதம் வாங்கினேன். இந்த ஊசிக்கு நம் நாட்டில் சுகருக்கும் அனுமதி இருக்கிறது, எனக்கும் சுகர் இருக்கிறது, பொய் ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் பணம் வந்தது. 15,000. ஒரு மாத ஊசிக்கே 2,500 குறைகிறது, சரி, வந்தவரை லாபம்.

இதைக் கேட்டுவிட்டு, சுகர் இல்லாதவர்கள் சுகர் என்று எழுதி வாங்கிக்கொள்ளலாமே என்று யோசிக்காதீர்கள். தாராவி 90 அடி ரோட்டுப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாச்சி இதைத்தான் கேட்டார். அண்ணாச்சி, அந்தச் சீட்டு உங்கள் பெயரில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும், அடுத்த பாலிசியில் ஏற்கெனவே இருந்த நோய் என்று மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள், மறைத்தால் இன்னும் மோசம் என்றேன். ஜிம் பையன் கொண்டுவந்து தரும் ஊசியையும் வாங்க வேண்டாம். பேட்ச் நம்பர் போட்ட பில் இல்லாமல் ஓபிடியில் ஒரு பைசா பெயராது, உள்ளே இருப்பது என்ன மருந்து என்பதும் உங்களுக்குத் தெரியாது. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் என்று படுத்தும் மருந்து இது, பித்தப்பைக் கல், கணையத் தொந்தரவு வரை போகலாம், டாக்டர் பார்வையில்தான் போட வேண்டும்.

நியாயமான க்ளெய்மை மறுத்துவிட்டால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், ஐஆர்டிஏஐ நடத்தும் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால், ஒரு வருடத்துக்குள் புகாரை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரியான இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், ஃபீஸ் கிடையாது, 50 லட்சம் வரை தீர்ப்பு சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் பாலிசியில் விலக்கு என்று தெளிவாக எழுதியிருப்பதை அவராலும் மாற்ற முடியாது. சீட்டின் இரண்டாவது வரியைப் படிக்காமல் விட்டார்களே, அந்த மாதிரி விஷயத்துக்குத்தான் அவர்.

அறுபது தாண்டிய அப்பா அம்மாவுக்குப் பாலிசியே இல்லை என்றால், பழைய வரி முறையில் இருப்பவர்கள் அவர்களுடைய மருந்துச் செலவை வருமான வரியில் (பழைய சட்டத்தில் 80டி பிரிவு) 50,000 ரூபாய் வரை கழிவாகக் காட்டலாம், ரொக்கமாகக் கொடுத்தது மட்டும் செல்லாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமும் போய்விட்டது. 38,000-க்கு அது 6,840 ரூபாய், என் கணக்கில் ஒன்றரை வயல்.

விலையும் இறங்கும். செமாக்ளூடைடுக்கு நம் நாட்டில் காப்புரிமை 2026 மார்ச்சோடு சரி, அதற்கப்புறம் நம் ஊர்க் கம்பெனிகளும் அதைத் தயாரிக்கலாம். மாதச் செலவு சில ஆயிரத்துக்கு இறங்கினால் பாலிசியோடு கூடுதலாக வாங்கும் ஓபிடி ரைடரில் இதைச் சேர்ப்பது கம்பெனிகளுக்கும் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். அதுவரை, உங்கள் பிள்ளைகள் ஆபீஸில் குரூப் பாலிசி புதுப்பிக்கும் மாதம் எது என்று கேட்டு வையுங்கள், அந்த மாதத்துக்கு முன்பு ஹெச்ஆர் பிரிவுக்கு நாலு பேர் எழுதிக் கேட்டால் குரூப் பாலிசியில் சில விலக்குகளைத் தளர்த்தி வாங்க முடியும், நான் பார்த்திருக்கிறேன். என் மகன் ஆபீஸில் அது ஏப்ரல். எழுத வேண்டிய மெயிலை நானே அடித்துக் கொடுத்துவிட்டேன், இந்தத் தடவை “வருந்துகிறோம்” இல்லாமல்.